வெறும் ஜார்

ஜூன் 3, செவ்வாய்

முதலில் வெட்கத்தைச் சொல்லிவிடுகிறேன். ஐம்பத்திரண்டு வயதில், எழுபத்தெட்டு கிலோ எடையில், சமையலறை ஸ்டூலின் மேல் ஏறி, எக்ஸாஸ்ட் ஃபேன் ஓட்டைக்குக் காதைக் கொடுத்து நின்ற இடத்தில் கால் வழுக்கி, தோசைமாவுக் குண்டானுக்குள் முழங்கை வரை போய்விட்டேன். ஹாலில் டிவி பார்த்துக்கொண்டிருந்த இவர் தலையைத் திருப்பாமல் கேட்டார்.

“என்ன திலகா சத்தம்?”

“மாவு.”

“மாவு சத்தம் போடுமா?”

“நான் விழுந்தா போடும்.”

அதோடு விட்டுவிட்டார். முப்பது வருஷக் குடித்தனத்தில் இதுதான் சௌகரியம். இரண்டாவது கேள்வி வராது.

எங்கள் 2A வீட்டுக்கும் பக்கத்து 2B வீட்டுக்கும் நடுவில் குழாய்கள் இறங்கும் சந்து ஒன்று இருக்கிறது. டக்ட் என்பார்கள். கட்டியவர் காற்றுக்காக விட்டார். எனக்கு அது ரேடியோ. யார் வீட்டில் கருவாடு, யார் வீட்டில் மாமியார் வந்திருக்கிறாள், எல்லாம் அதில்தான் வரும்.

இன்று வந்தது வேறு. 2B கோகுலின் குரல். அவர் இன்ஜினியரிங் கல்லூரியில் பாடம் எடுப்பவர். கத்தவில்லை. வகுப்பில் பேசுவதுபோல நிதானமாக, “நான் என்ன சொன்னேன்? திரும்பச் சொல்லு” என்றார்.

“கேட்காம அக்காவுக்கு ஃபோன் பண்ணக்கூடாது.” இது அவர் மனைவி தாரிணி.

“இன்னொரு தடவை.”

“கேட்காம...”

பிறகு ஒரு சத்தம். அரிசி மூட்டையைத் தோளிலிருந்து இறக்குவது மாதிரி.

என் கை தானாகப் போய் மிக்ஸியைப் போட்டது. அரை நிமிஷத்தில் மேலே 3A மிக்ஸி. அப்புறம் கீழே ஒன்று. அப்புறம் இன்னொன்று.

இப்படிக் கேட்டது இதுதான் முதல் தடவை. இதற்கு முன் கேட்டதில்லை. எழுதி வைக்கிறேன், பின்னால் மறந்துபோகும்.


ஜூன் 4, புதன்

கத்தரிக்காய் பூச்சி. கடைக்காரனிடம் சொன்னால் “மருந்து அடிக்காததும்மா, அதான்” என்கிறான். பூச்சிக்கும் சான்றிதழ் கொடுக்கிறான்.

எங்கள் வீட்டிலும் 2B-யிலும் இன்னும் இரண்டு வீடுகளிலும் வேலை செய்யும் ஆரோக்கியம் பாத்திரம் தேய்த்துக்கொண்டே, “2B அம்மா கூலிங் கிளாஸ் போட்டுக்கிட்டு சாம்பார் வைக்குதுக்கா” என்றாள்.

“‘மெட்ராஸ் ஐ’யா இருக்கும். ஊரெல்லாம் பரவுது.”

ஆரோக்கியம் தேய்ப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். “ஒரு கண்ணுலயேவாக்கா வரும், எப்பவும்?”

“ஒனக்கு வாய் ஜாஸ்தி. குக்கரை நல்லாத் தேய்.”

கோகுலும் தாரிணியும் 2023 தையில் இங்கே பால் காய்ச்சினார்கள். முதல் டம்ளர் எனக்குத்தான் கொடுத்தாள். சர்க்கரை அதிகம். நல்ல பிள்ளைகள் என்று அன்றைக்கே அபார்ட்மெண்ட் முழுக்கச் சொன்னவள் நான்தான்.


ஜூன் 7, சனி

வாரப் பத்திரிகைக்கு என் நகைச்சுவைப் பத்தி அனுப்பியாயிற்று. விஷயம் கிடைக்காமல் இரண்டு நாள் விட்டத்தைப் பார்த்தேன். கடைசியில் ‘மிக்ஸிக் கச்சேரி’ என்று ஒன்று வந்தது. இப்படிப் போகிறது:

‘எங்கள் அபார்ட்மெண்டில் வாரத்துக்கு இரண்டு நாள், மாலை ஏழு மணிக்கு மிக்ஸிக் கச்சேரி. சுருதி முதல் மாடி, தனி ஆவர்த்தனம் மூன்றாம் மாடி. எந்த வீட்டில் பாத்திரம் உருளுகிறதோ அந்த ஒரு வீட்டைத் தவிர மற்ற ஐந்து வீட்டிலும் சட்னி! கணவன் மனைவி சண்டைக்கு இவ்வளவு தேங்காய் எந்த ஊரில் செலவாகும்?’

படித்துவிட்டு நானே சிரித்தேன். எழுதுகிறவள் சிரிக்கக்கூடாது என்பார்கள். எனக்கு அந்த ஒழுக்கமெல்லாம் கிடையாது.


ஜூன் 9, திங்கள்

கேஸ் சிலிண்டர் வந்தது. கோகுல் பார்த்துவிட்டு, “ஆண்ட்டி, நீங்க தூக்காதீங்க” என்று மாடிக்கு ஒற்றைக் கையால் கொண்டுவந்தார். உளுந்துவடை கொடுத்தேன். நாலு தின்றார்.

அசோசியேஷன் மின்கணக்கு எழுதினேன். போன வருஷம் யாரும் முன்வராததால் நான் செயலாளர் ஆனேன். பதவியின் ஒரே அடையாளம் மீட்டர் ரூம் சாவி. அது இட்லித்தட்டு மாட்டும் ஆணியில் தொங்குகிறது.


ஜூன் 13, வெள்ளி

மிக்ஸி.


ஜூன் 20, வெள்ளி

பத்திரிகை வந்துவிட்டது! வாட்ஸ்அப் குரூப்பில் பக்கத்தைப் படம் எடுத்துப் போட்டார்கள். சிரிப்பு முகம் பதினேழு. அசோசியேஷன் தலைவர் 3A மாணிக்கவாசகம் சார், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், கேட்டில் நின்று கையெடுத்துக் கும்பிட்டார். “தனி ஆவர்த்தனம் எங்க வீடுதானே? எங்க வீட்டம்மா ஒரே சிரிப்பு. நம்ம கட்டடத்துக்கே பெருமை திலகவதி.”

சாயங்காலம் கேசரி கிண்டினேன். புகழ் வந்தால் எனக்கு இனிப்பு வேண்டும்.


ஜூன் 21, சனி

எழுதக் கை வரவில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

காலை பதினொரு மணி. இவர் ரேஷன் கடைக்குப் போயிருந்தார். மணி அடித்தது. தாரிணி. கையில் பத்திரிகை. முழுக்கைச் சட்டை, இந்த வெயிலில்.

“கேசரி இருக்கு, சாப்பிடறியா?” என்றேன். வேறென்ன சொல்வது?

அவள் நேரே சமையலறைக்குள் வந்தாள். பத்திரிகையை மேடையில் வைத்தாள். பக்கம் மடித்திருந்தது.

“அக்கா, இது எங்க வீடுதானே?”

“சேச்சே. சும்மா, பொதுவா எழுதினது. எல்லா அபார்ட்மெண்ட்லயும்...”

“பாத்திரம் உருளலக்கா. அது நான்.”

கேசரிக் கிண்ணத்தை அவள் பக்கம் நகர்த்தினேன்.

“ஒண்ணு கேட்கத்தான் வந்தேன். திட்ட வரல. நீங்க எதுக்கு மிக்ஸி போடறீங்க?”

“அது... உனக்குச் சங்கடமா இருக்கக்கூடாதுன்னுதாம்மா. நாலு பேர் காதுல விழுந்தா உனக்குத்தானே அவமானம்? இந்த ரெண்டு மூணு வாரமாத்தான் எனக்கே...”

அவள் எக்ஸாஸ்ட் ஃபேனுக்குக் கீழே கிடந்த ஸ்டூலைப் பார்த்தாள். அதன் மேல்பலகையில் என் கால் இரண்டும் நிற்கும் இடத்தில் பெயின்ட் போயிருக்கும்.

“அவர் முதல்ல கையை முறுக்குவார் அவ்வளவுதான். வெளியில கேட்டுடும்னு பயம் உண்டு. காலேஜ் வாத்தியார் இல்லையா. உங்க மிக்ஸி சத்தம் வந்ததும் சிரிப்பார்க்கா. ‘பாத்தியா, அவங்களே சொல்றாங்க’ன்னுவார். அப்புறம்தான் அடி.”

நான் மேடையைப் பிடித்துக்கொண்டேன்.

“அஞ்சு மிக்ஸி ஓடினா அஞ்சு பேர் அவருக்குச் சரின்னு சொன்ன மாதிரி. அப்புறம் நீங்க நிறுத்துவீங்க. சண்டை முடிஞ்சுதுன்னு. முடியலக்கா. அதுக்கப்புறம் பெட்ரூம் கதவைச் சாத்துவார். நான் வேண்டாம்னுதான் சொல்வேன். ஒவ்வொரு தடவையும் வேண்டாம்னுதான் சொல்வேன். புருஷன்கிட்ட வேண்டாம்னு சொன்னா அதைப் போய் யார்கிட்ட புகார் கொடுக்கறது? அம்மாகிட்ட சொன்னேன். ‘அதெல்லாமா வெளியில பேசுவாங்க’ன்னாங்க.”

“தாரிணி...”

“எனக்கு நீங்க ஒண்ணும் செய்ய வேண்டாம்க்கா. ஒருநாள். ஒரே ஒருநாள் அந்த மிக்ஸியைப் போடாம இருங்க. என் சத்தம் ஒரு தடவையாவது முழுசா வெளியில போகட்டும்.”

பத்திரிகையை விட்டுவிட்டுப் போனாள். கேசரியைத் தொடவில்லை. மீதியைச் சாக்கடையில் கொட்டினேன்.


ஜூன் 22, ஞாயிறு

இவரிடம் சொன்னேன். எல்லாவற்றையும். கடைசிப் பகுதியைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்தினேன். என் வீட்டில், என் புருஷனிடம், தப்பு செய்தவனைப் பற்றிச் சொல்ல நான் ஏன் குரலைத் தாழ்த்த வேண்டும்?

“பாவம்தான்,” என்றார். “ஆனா நமக்கு எதுக்கு வம்பு? நாளைக்கு அவங்க சேர்ந்துக்குவாங்க. நாம பொல்லாதவங்களா நிப்போம்.”

“நிப்போம்.”

“எல்லாரும் என்ன சொல்லுவாங்க?”

“எல்லாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. அதான் எனக்குக் கோவம்.”

இவர் ரிமோட்டை எடுத்தார். ஒன்று தெரியுமா, ஏழு மணிக்கு இவர் டிவி சத்தத்தை எவ்வளவு வைப்பார் என்று எனக்குத் தெரியும். இருபத்தெட்டு. மற்ற நேரத்தில் பதினைந்து. முப்பது வருஷமாக இவரைச் சாது என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். சாதுவாம்! ரிமோட்டைப் பிடுங்கிப் புளிப்பானைக்குள் போட்டேன். இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்.

நாலு வடை தின்றான் அவன். என் கையால்.


ஜூன் 25, புதன்

ஏழு பத்து. சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன்.

“நான் என்ன சொன்னேன்? திரும்பச் சொல்லு.”

என் கை மிக்ஸிப் பக்கம் போனது. எப்படிப் போகிறது பாருங்கள், சொல்லாமலே! பிளக்கைப் பிடுங்கினேன்.

என் வீடு அமைதி. ஆனால் மேலே 3A ஆரம்பித்தது. கீழே 1A, 1B. அப்புறம் 3B. என் ஒருத்தி மிக்ஸி நின்று என்ன பிரயோஜனம், மற்ற நாலும் ஓடுகிறதே. அந்த இரைச்சலுக்குள் தாரிணியின் குரல் காணாமல் போவது எனக்கு முதல் தடவையாகக் கேட்டது.

ஆணியிலிருந்து சாவியை எடுத்தேன். வாத்துப் படம் போட்ட நைட்டி, மேலே குளித்த துண்டு, கையில் வெங்காயத் தோல். இரண்டு மாடி இறங்கினேன். ஓடினேன் என்று எழுத ஆசை. என் முட்டி சாட்சி சொல்லாது. மீட்டர் ரூமைத் திறந்து, பெரிய மெயின் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக் கீழே இழுத்தேன்.

கட்டடம் வாயை மூடியது.

இரண்டு வீட்டில் இன்வெர்ட்டர் உண்டு. அதில் விளக்கும் விசிறியும் ஓடும். மிக்ஸி ஓடாது. இவ்வளவு வருஷம் சமைத்ததில் உருப்படியாகத் தெரிந்துகொண்டது இது ஒன்றுதான்.

“என்னாச்சு? ஏழு மணிக்குக் கரண்ட் கட்டா?” என்று கதவுகள் திறந்தன. ஆளுக்கொரு செல்ஃபோன் வெளிச்சத்தோடு படிக்கட்டுக்கு வந்தார்கள். மிக்ஸிகள் நின்றது கோகுலுக்கு உறைக்க நாலைந்து வினாடி ஆயிற்று. அந்த நாலைந்து வினாடியில் அத்தனை பேர் காதிலும் அந்தக் குரல் விழுந்தது. அதே வகுப்புக் குரல்.

“திரும்பச் சொல்லுன்னேன்.”

“வேண்டாம். விடுங்க. வலிக்குது. வேண்டாம்!”

நான் மேலே ஏறிவரும்போது மாணிக்கவாசகம் சார் செல்ஃபோன் வெளிச்சத்தை அணைத்தார். நான் பார்த்தேன். 1A கதவு மெல்லச் சாத்திக்கொண்டது. அதையும் பார்த்தேன். வாங்கய்யா, வாங்கம்மா, சட்னி அரைக்கிற புண்ணியவான்களே, இப்போது கேட்கிறதா?

2B கதவை இரண்டு கையாலும் அடித்தேன். கோகுல் திறந்தான். சட்டை கசங்கவில்லை.

“ஆண்ட்டி, கரண்ட் போயிடுச்சா?”

“போகலப்பா, நான்தான் நிறுத்தினேன். உன் குரல்தான் நிக்கல.”

“இது ஃபேமிலி மேட்டர் ஆண்ட்டி.” கையை வாசல் குறுக்கே வைத்தான்.

“ஆண்ட்டி ஆண்ட்டின்னு சொல்லியே ஊரை ஏமாத்தினது போதும்டா. கையை எடு.”

ஒரு பேராசிரியரை ‘டா’ போட்டேன். படிக்கட்டில் யாரோ மூச்சை இழுத்தார்கள். அவன் அடித்ததற்கு இழுக்காத மூச்சு.

“தாரிணி, வெளிய வாம்மா.”

அவன் கை இறங்கவில்லை. எனக்குப் பின்னாலிருந்து ஒரு இருமல். இவர். கையில் டார்ச். வெளிச்சத்தை அவன் முகத்தில் அடித்துக்கொண்டு நின்றார். அவன் கண் கூசிக் கையை எடுத்தான். தாரிணி அந்த இடுக்கில் வெளியே வந்தாள். செருப்பில்லை. கீழுதடு கிழிந்திருந்தது.

எங்கள் வீட்டில் உட்காரவைத்து, பெண்கள் உதவி எண் 181-க்கு அடித்தேன். எடுத்ததும் நான் பேச வாயைத் திறந்தேன். எனக்குப் பேசக் கசக்குமா? அவள் கையை நீட்டினாள். ஃபோனைக் கொடுத்தேன்.

“என் பேரு தாரிணி. என் புருஷன் என்னை அடிக்கிறார். வேண்டாம்னு சொன்னாலும் விடறதில்ல.”

பதினொரு நிமிஷம் பேசினாள். அழவில்லை. தேதி தேதியாகச் சொன்னாள். அரை மணியில் போலீஸ் வண்டி வந்தது.

வெங்காயம் அப்படியே கிடக்கிறது. மெயினை எப்போது ஏற்றினேன் என்று ஞாபகமில்லை.


ஜூன் 26, வியாழன்

மகளிர் காவல் நிலையம். இன்ஸ்பெக்டர் அம்மா மெலிந்த உருவம், அதட்டாத குரல். அபார்ட்மெண்ட்காரர்களை ஒவ்வொருவராகக் கேட்டார்.

மாணிக்கவாசகம் சார்: “எனக்கு எதுவும் கேட்கலைங்க. மிக்ஸி ஓடிக்கிட்டிருந்தது.”

1B: “மிக்ஸி ஓடிச்சு மேடம்.”

3B: “நாங்க சட்னி அரைச்சிட்டிருந்தோம்.”

இன்ஸ்பெக்டர் பேனாவைக் கீழே வைத்தார். “ஆறு வீடு. ஒரு வீட்டுல அடி விழுது. மத்த வீட்டுல எல்லாம் ஒரே நேரத்துல சட்னி. அப்படித்தானே?”

யாரும் சிரிக்கவில்லை. என் பத்தியில் வந்த அதே வரிதான் ஏறக்குறைய. அப்போது பதினேழு பேர் சிரித்தார்கள்.

“கரண்ட் நின்னப்புறம் சார்? மிக்ஸி ஓடியிருக்காதே?”

“எனக்குக் காது கொஞ்சம் மந்தம்,” என்றார் தலைமையாசிரியர். முப்பத்தைந்து வருஷம் பிள்ளைகளுக்கு உண்மை பேசச் சொல்லிக் கொடுத்தவர்.

அடுத்து ஆரோக்கியம். சேலைத் தலைப்பால் கையைத் துடைத்துக்கொண்டு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். “நான் பாத்தேம்மா. கன்னத்துல, கையில, முதுகுல. ரத்தம் பட்ட தலைகாணி உறை தொவைச்சிருக்கேன். எத்தனைன்னும் சொல்லுவேன்.” சொன்னாள். ஒன்பது.

கடைசியில் நான். எல்லாம் சொன்னேன். நன்றாகவே சொன்னேன்; கேட்டுக்கொண்டிருந்த ஏட்டம்மா கண்ணைத் துடைத்தார். “முதன்முதலா எப்போ கேட்டீங்க?” என்றார் இன்ஸ்பெக்டர்.

“ஜூன் மூணாம் தேதி மேடம். டைரியில எழுதியிருக்கேன்.”

எழுதிக்கொண்டார். கையெழுத்துப் போட்டேன். ஆரோக்கியம் பெஞ்சிலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.


ஜூன் 29, ஞாயிறு

அசோசியேஷன் அவசரக் கூட்டம். எதற்கு என்று நினைக்கிறீர்கள்? பக்கத்து வீட்டில் ஒரு பெண்ணை இவ்வளவு நாள் அடித்ததற்கா? இல்லை. செயலாளரான நான் அனுமதியின்றி மெயினை இறக்கியதற்கு.

குற்றப்பத்திரிகை: ஒன்று, 3A வீட்டு ஐஸ்கிரீம் உருகியது. இரண்டு, 1B வாஷிங் மெஷின் பாதியில் நின்றது. மூன்று, கட்டடத்தின் பெயர் கெட்டது.

“பெயர் கெட்டுச்சா?” என்றேன். “சார், ரெண்டு மாடிக்கும் கேட்கற மாதிரி ஒருத்தி வேண்டாம் வேண்டாம்னு கத்தினா. அப்போ கெடாத பேரு, உங்க ஐஸ்கிரீம்ல கெட்டுச்சா? என்ன ஃபிளேவர் அது?”

சாவியைப் பிடுங்கிக்கொண்டார்கள். வாட்ஸ்அப் குரூப்பிலிருந்தும் தூக்கினார்கள். ஆரோக்கியத்தை 3A-யிலும் 1A-யிலும் வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள், ‘வீட்டு விஷயத்தை வெளியில் சொல்கிறவள்’ என்று. நான் வருத்தப்பட்டுச் சொன்னபோது அவள், “போறாங்க விடுங்கக்கா. அந்த வீட்டு மிக்ஸி ஜாரைக் கழுவிக் கழுவி எனக்கு அலுத்துப்போச்சு. ஒருநாள்கூட அதுல தேங்கா வாசம் வந்ததில்ல” என்றாள்.


ஜூலை 4, வெள்ளி

தஞ்சாவூரில் அக்கா வீட்டிலிருந்து தாரிணி பேசினாள். வழக்குப் பதிவாகிவிட்டது. அவனைக் கல்லூரியில் இடைநீக்கம் செய்திருக்கிறார்கள். ஜாமீனில் வந்துவிட்டான் என்றும் சொன்னாள், குரல் மாறாமல்.

“என் அக்காவுக்கு இப்போ கேட்காமலே ஃபோன் பண்றேன்க்கா. பக்கத்து ரூம்லேர்ந்து.” சிரித்தாள். இவள் சிரித்து நான் கேட்டதேயில்லை.

பத்திரிகைக்குப் புதுப் பத்தி அனுப்பினேன், நடந்ததை நடந்தபடி. ‘நகைச்சுவை குறைவாக உள்ளது, வேறு அனுப்பவும்’ என்று திரும்பி வந்தது. அப்படியே அடுத்த வாரமும் அனுப்புவேன். அதற்கடுத்த வாரமும். போடும் வரை அனுப்புவேன். என் சொத்து எருமைத்தோல்.


ஜூலை 8, செவ்வாய்

நிஜமான தேங்காய், நிஜமான பச்சைமிளகாய் போட்டுச் சட்னி அரைத்தேன். இரண்டு சுற்றுதான். புகை வந்து மிக்ஸி நின்றுவிட்டது.

கடைவீதியில் வழக்கமாகப் போகும் ரிப்பேர்க் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். கடைக்காரர் பஷீர் பாய் கவிழ்த்துவைத்து ஸ்க்ரூ கழற்றினார்.

“மறுபடியும் மோட்டார் காயில் எரிஞ்சிருக்கும்மா. வெறும் ஜாரைப் போட்டு நிறுத்தாம ஓட்டாதீங்கன்னு அன்னைக்கே சொன்னேனே.”

ஒவ்வொரு தடவை காயில் மாற்றும்போதும் அடித்தட்டின் உள்பக்கம் மார்க்கர் பேனாவால் தேதி எழுதிவைப்பது அவர் வழக்கம். மேலே இருந்த இரண்டு தேதிகளுக்குக் கீழே இன்றைய தேதியை எழுதினார், 8.7.2025.

முதல் தேதி 19.8.2023.